ரிப்போர்ட் நார்மல் வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். என் கணவருக்கு 51 வயது. ஆறு ஏக்கர் சாகுபடி. போன வருடம் ஊருக்கு வந்த முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 290, கெட்ட கொழுப்பு 204 என்று வந்தது. சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்றார்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 20 எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டார். திரும்ப எடுத்ததில் மொத்தம் 198. இருநூறுக்குள் இருந்தால் நார்மல் என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருந்தது. அதோடு நிறுத்திவிட்டார். கால் சதை வலிக்கிறது என்பார். லிவர் போய்விடும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள் என்பார். நாலு மாதம் ஆகிவிட்டது. கேட்டால், "நான் வரப்பில் ஓடுகிறேன், ஈசிஜியும் நல்லா இருக்கு, எனக்கு என்ன?" என்கிறார். இவருடைய அண்ணன் 44 வயதில், குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாமனாரும் 55-ல் அப்படித்தான் போனார். நான் ஊற்றும் எண்ணெய்தான் தன் பிள்ளைக்குக் கொழுப்பாகிவிட்டது என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்? எங்களுக்கு 23 வயதில் மகன், 19 வயதில் மகள். இரண்டு ரிப்போர்ட்டின் நகலும் இதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணவரின் 204-க்கு உங்கள் எண்ணெய்ச் சட்டி காரணம் இல்லை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் சாப்பிட்டு வருவதே அல்ல. நம் கல்லீரலும் மற்ற உறுப்புகளும் தாமே தயாரிப்பது. உடம்புக்கு அது வேண்டும். ஒவ்வொரு செல்லின் சுவருக்கும், ஹார்மோன்களுக்கும், பித்தநீருக்கும் அதுதான் மூலப்பொருள். சாப்பாடு அந்த அளவைக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். ஆனால் சமையல் மட்டுமே ஒருவரை 204-க்குக் கொண்டுபோவது அபூர்வம். அதே சட்டியில் சமைத்ததைத்தானே நீங்களும் பிள்ளைகளும் மாமியாரும் சாப்பிடுகிறீர்கள்?

அண்ணன் 44, அப்பா 55, இவருக்கு 204. இந்த மூன்றையும் ஒரே கடிதத்தில் படித்ததும் எனக்கு எண்ணெய் நினைவுக்கு வரவில்லை, ரத்த உறவுதான் நினைவுக்கு வந்தது. கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுத்துக் கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்ள, கல்லீரல் செல்களின் மேல் சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. சில குடும்பங்களில் அந்தக் கொக்கிகள் பிறவியிலேயே பாதிதான் வேலை செய்யும். மீதிக் கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றும், அதுவும் பிறந்த நாளிலிருந்து. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்தக் கோளாறு கடுமையாக இருந்த சிறுவர்களை ஆராய்ந்துதான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் அந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்தார்கள். 1985-ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

உங்கள் கணவருக்கு இதுதான் என்று நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் மாத்திரை போடாத நிலையில் கெட்ட கொழுப்பு 190-ஐத் தாண்டி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால் நாங்கள் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். வீட்டிலேயே நீங்கள் ஒன்று பார்க்கலாம். அவரை மண்டியிட்டு உட்காரச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ஓடும் அந்தக் கெட்டியான நாணை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். உங்கள் நாணையும் பிடித்து ஒப்பிடுங்கள். என்னிடம் முழங்கால் வலிக்காக வந்த ஒரு நெல் மண்டித் தொழிலாளிக்கு அந்த நாண் என் சுண்டுவிரல் பருமனுக்குத் தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தது. செருப்பு அழுத்தி வந்த காய்ப்பு என்று நினைத்து இருபது வருடமாக அதோடு நடந்துகொண்டிருந்தார். அது கொழுப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவருடைய கெட்ட கொழுப்பு 260. கைவிரல் முட்டிகளின் பின்பக்கமும் இப்படி முடிச்சு வரும். 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்திருந்தாலும் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

சரி, இப்போது "எனக்கு என்ன?" என்கிற கேள்விக்கு வருகிறேன். ஏனென்றால் அவரை நிறுத்த வைத்தது கால் வலி மட்டும் இல்லை, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்கிற நம்பிக்கையும்தான்.

அடைப்பு என்றதும் எல்லோரும் நினைப்பது வாய்க்காலில் தூர் படிவதைத்தான். தூர் ஏற ஏறத் தண்ணீர் குறையும், கடைமடைக்கு வராது, அப்போது தெரிந்துகொள்ளலாம், தூர்வாரிக்கொள்ளலாம் என்று. இதயத்தில் அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் அண்ணனைப் போல நின்ற இடத்தில் விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது வேறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான், ஒரு தடித்த நெல்லின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கெட்ட கொழுப்பு அந்தக் குழாயின் உள்ளே படிவதில்லை. குழாயின் சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்களும் அங்கேயே கொழுத்துச் சாகின்றன. வருடக்கணக்கில் சுவருக்குள்ளேயே கொழகொழவென்று ஒரு பை உருவாகிறது. மேலே மெல்லிய ஒரு மூடி.

வரப்புக்குள் நண்டு வளை போடுவதை உங்கள் கணவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே பார்த்தால் வரப்பு வரப்பாகவே இருக்கும், தண்ணீரும் அளவாக நிற்கும், புல்கூட பச்சையாக இருக்கும். ஐப்பசியில் ஒரு ராத்திரி கொட்டும் மழையில் அங்கேதான் உடைப்பெடுக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் அந்த மெல்லிய மூடி கிழிவதும் அப்படித்தான். கிழிந்த இடத்தில் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடும். அதற்கு முந்தின நாள் வரை அந்த இடத்தில் பாதி அடைப்புகூட இருந்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதல் நாள் மூட்டை தூக்கினவர் மறுநாள் விழுகிறார்.

ஈசிஜி நன்றாக இருப்பதும் இதே கதைதான். அந்தக் காகிதம் அந்தச் சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்று சொல்லும். பழைய மாரடைப்பின் தழும்பையும், நடந்துகொண்டிருக்கிற மாரடைப்பையும் பெரும்பாலும் காட்டும். சுவருக்குள் இருக்கும் பையை அது காட்டாது. "ஈசிஜி நார்மல், அதனால் இதயம் நார்மல்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் அவர்களிடம் இதை யாரும் உட்கார வைத்து விளக்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 198. நீங்கள் அனுப்பிய இரண்டாவது ரிப்போர்ட்டைப் பாருங்கள். நல்ல கொழுப்பு 39, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு 205. மொத்தத்திலிருந்து நல்ல கொழுப்பைக் கழித்து, டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழித்தால் கெட்ட கொழுப்பு வரும். 198-ல் 39 போக, 41 போக, மீதி 118. லேப் அச்சடித்த "200-க்குள்" என்பது ஊருக்கெல்லாம் பொதுவாகப் போட்ட கோடு. யாருக்கு எவ்வளவு என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. இந்திய இருதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வேறு ஆபத்து இல்லாதவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 100-க்குக் கீழ் இருக்க வேண்டும், அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களைப் போன்றவர்களுக்கு 55-க்குக் கீழ் என்று சொல்லியிருக்கிறார்கள். 204-ல் தொடங்கியவர், இரண்டு மரணங்களைப் பார்த்த குடும்பம், சர்க்கரை எல்லையில் நிற்கிறது. நான் இவரை எழுபதுக்குக் கீழே கொண்டுவரவே முயற்சி செய்வேன். ஆகவே 118 நார்மல் இல்லை, பாதி வழி. 20 மி.கி. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது: நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைத்திருக்கிறது. மீதிக்கு அளவைக் கூட்டுவதா, எசிடிமைப் என்கிற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதா என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 118 அவருடைய உடம்பின் அளவு இல்லை, மாத்திரை போட்டுக்கொண்டிருந்த உடம்பின் அளவு. நிறுத்திய சில வாரங்களிலேயே அது பழைய இடத்துக்குப் போய்விடும். மோட்டாரை நிறுத்திவிட்டு வயலில் தண்ணீர் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாதே. இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் 200-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த மாத்திரையின் பிறப்பு நம் தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். ஸ்டாட்டின் வகை மருந்துகளின் முதல் துளி கிடைத்தது அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து. அகிரா எண்டோ என்ற ஜப்பானியர், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். 1970-களின் தொடக்கத்தில் கியோட்டோ நகரத்து அரிசிக்கடை ஒன்றிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது. அந்த வழியில் வந்த முதல் மாத்திரை 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதை இது குறைக்கிறது. உள்ளே பற்றாக்குறை வந்ததும் கல்லீரல், நான் மேலே சொன்ன கொக்கிகளை அதிகமாக முளைக்க வைத்து, ரத்தத்தில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெரிய பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கெட்ட கொழுப்பு 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. இரண்டு மடங்கு குறைத்தால் பலனும் அதற்குத் தகுந்தபடி கூடும்.

கால் வலியை நான் தள்ளிவிடவில்லை. ஸ்டாட்டினால் சதை வலி வருவது உண்மை. ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் உண்மை மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். போடுவது உண்மை மாத்திரையா வெறும் மாத்திரையா என்று அவர்களுக்குத் தெரியாது. எதுவும் போடாத மாதங்களில் தொந்தரவு குறைவு. ஆனால் வெறும் மாத்திரையிலும் உண்மை மாத்திரையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு தொந்தரவு. வலி பொய் இல்லை, வலித்தது நிஜம். அதை வரவழைத்ததில் பெரும்பங்கு மருந்தைவிட, மருந்து வலிக்கும் என்கிற எதிர்பார்ப்பு. இதைப் படித்துக் காட்டியபோது "நான் பொய் சொல்கிறேனா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே உங்கள் கணவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் மாத்திரை போட்ட இரண்டு மாதமும் நடவு மாதமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது தைராய்டு டெஸ்ட்டும் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், சதையும் வலிக்கும். இரண்டுக்கும் அதுவே காரணமாக இருந்துவிடலாம். அது சரியாக இருந்து வலியும் திரும்ப வந்தால் குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம், ரோசுவாஸ்டாட்டின் என்கிற இன்னொரு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். வழிகள் இருக்கின்றன. சதை கடுமையாக வலித்து, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது மிக அபூர்வம்.

லிவர் விஷயம் சுருக்கமாக. சிலருக்குக் கல்லீரல் என்சைம் கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இயல்பு அளவின் உச்சத்தைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான் மாத்திரையைப் பற்றி யோசிப்போம். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்பவர்கள்கூட இதைப் போடலாம். சர்க்கரை சற்றுக் கூடும் என்பது உண்மை, எல்லையில் இருப்பவருக்கு அது கொஞ்சம் முன்னதாக வரலாம். ஆனால் சர்க்கரையை நாம் கண்காணிக்க முடியும். எட்டு வருடமாக நானே தினமும் ராத்திரி அட்டோர்வாஸ்டாட்டின் போடுகிறேன். என் அப்பாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கிறது.

மருதம்பட்டைக் கஷாயம், பூண்டு, வெந்தயம் பற்றிக் கேட்பீர்கள். வெந்தயம், பூண்டு சமையலில் தாராளமாகச் சேருங்கள். 204-ஐ 70-க்குக் கொண்டுவரும் சக்தி அவற்றுக்கு இல்லை. மாத்திரைக்குப் பதிலாகக் கஷாயம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியென்றால் சமையலில் மாற்ற ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. அதுதான் கல்லீரலின் கொக்கிகளைக் குறைக்கிறது. ரேஷன் பாமாயிலில் அது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், தேங்காய் எண்ணெயில் எண்பதுக்கு மேல், நல்லெண்ணெயில் பதினைந்து வாக்கில், கடலை எண்ணெயில் இருபதுக்குள். செக்கில் ஆட்டியது என்பதால் இந்தக் கணக்கு மாறாது. ரேஷனில் வருவதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அன்றாடத் தாளிப்புக்கும் குழம்புக்கும் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இருக்கட்டும். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் முடியட்டும். வடை சுட்ட எண்ணெயை மறுபடி காயவைக்காதீர்கள். அவர் டீக்கடையில் சாப்பிடும் பஜ்ஜியைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். காலையில் ஊற்றிய எண்ணெய் மாலையில் கறுத்து நுரைக்கிற சட்டி அது.

முதல் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 240 இருந்ததும் நல்ல கொழுப்பு 38 இருந்ததும் எண்ணெயின் வேலையைவிடச் சோற்றின் வேலை. இது நம் டெல்டாவில் எல்லா வீட்டிலும் நான் பார்க்கும் ஜோடி. அப்பா காலத்தில் நாற்று பறித்து, நட்டு, அறுத்து, அடித்து, தூற்றிய உடம்புக்கு மூன்று வேளைச் சோறு தேவைப்பட்டது. இன்றைக்கு நடவு மெஷின், அறுப்பு மெஷின், வயலுக்கு டிவிஎஸ் வண்டி. வேலை போய்விட்டது, தட்டு மட்டும் அப்பா காலத்துத் தட்டாகவே இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று மாறுவது நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. அதையும் மலைபோல் போட்டால் டிரைகிளிசரைடு இறங்காது. தட்டில் பாதியை முருங்கைக்கீரை, அவரை, புடலை, கத்தரி என்று நிரப்பிவிட்டுச் சோற்றைக் கால் பங்காக்குங்கள். மீதிக் கால் பங்குக்குப் பயறு, கொள்ளு, மீன். நாகப்பட்டினத்திலிருந்து மத்தி வருகிற நாளில் அதைக் குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். தினம் ஒரு முட்டை பரவாயில்லை. குடி இருந்தால் டிரைகிளிசரைடு ஏறும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் அதை விடுவது மாத்திரைக்குச் சமமான காரியம்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. யூரியா மூட்டையோடு நடக்கும்போதோ மேடேறும்போதோ நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது தோளிலோ இழுப்பு, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, நின்றால் சரியாகிவிடுவது என்று ஏதாவது இருக்கிறதா? ஆண்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், "வாயு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாமல் இதய மருத்துவரைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு அழுத்தி வியர்த்துக் கொட்டினால் உடனே 108. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் போலிருந்தால் அருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அவற்றோடு அட்டோர்வாஸ்டாட்டின் முதல் தவணையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

இப்போது பிள்ளைகள். மகனுக்கும் மகளுக்கும் இந்த மாதமே கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுங்கள். வெறும் வயிறு கட்டாயம் இல்லை. 23 வயதில் தெரிந்துகொண்டால் அவனுக்கு முப்பது வருடம் கையில் இருக்கிறது. அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை. மகளுக்கு அதிகமாக இருந்தால் கல்யாணம், கர்ப்பம் இவற்றை மனதில் வைத்துத்தான் மருந்தைப் பற்றி முடிவெடுப்பார்கள், அதனால் முன்கூட்டியே தெரிவது நல்லது. கெட்ட கொழுப்பைப் போலவே பரம்பரையாக வரும் இன்னொரு கொழுப்பை அளக்க லைப்போபுரோட்டீன்(ஏ) என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். முடிந்தால் கணவருக்கு அதையும் சேர்த்து எடுங்கள்.

இன்னும் இரண்டு பேர், மூன்று பேர் பாக்கி இருக்கலாம். போன அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால், அண்ணனுக்கும் இந்தக் கோளாறு இருந்திருந்தால், அவர்களுக்கும் அதே பாதிக்குப் பாதி. உங்கள் ஓரகத்தி அந்த வீட்டில் தனியாக இருந்து அவர்களை வளர்த்திருப்பார், யாரும் அவரிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரத்தம் எடுக்கப் போகிற நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கணவர் "எனக்கு என்ன" என்று இன்னொரு முறை சொன்னால், அண்ணன் பிள்ளைகளுக்குத் துணையாக வரச் சொல்லுங்கள். வந்தால் அங்கேயே அவர் கையையும் நீட்டச் சொல்லலாம்.